ரெக்கார்டு மாமா

நாட்றம்பள்ளியில் யாரிடம் வேண்டுமானாலும் வழி கேளுங்கள், ரெக்கார்டு மாமாவிடம் மட்டும் கேட்காதீர்கள். நடந்து போகிறீர்களா, வண்டியிலா, அவசியம் இன்றைக்கே போகத்தான் வேண்டுமா என்று ஆரம்பித்துவிடுவார்.

அவர் வீட்டு பீரோ மேல் ஒரு எச்.எம்.வி. ரெக்கார்டு பிளேயர். அவருடைய அப்பா சவுண்டு சர்வீஸ் வைத்திருந்த காலத்தில், புளியமரத்தில் குழாயைக் கட்டிக் கல்யாண வீடுகளை எழுப்பிவிட்ட பெட்டி. இப்போது நிமிடத்துக்கு 45 சுற்று சுற்ற வேண்டிய தட்டு ஊர்கிறது. பி.சுசீலா பாடினால் டி.எம்.எஸ்ஸுக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி கேட்கிறது.

நோய் பெரிதல்ல. மோட்டாரின் சுழற்சியைத் தட்டுக்குக் கொண்டுபோகும் சின்ன ரப்பர் சக்கரம் வயதாகி இறுகிவிட்டது, பிடிக்காமல் வழுக்குகிறது. மோட்டார் அச்சில் எண்ணெய் காய்ந்து பிசினாகிவிட்டது. துடைத்து ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டாலே பாதி குணமாகும். ஊசியையும் பார்க்க வேண்டும். தேய்ந்த ஊசி பாடாது, தட்டை உழும். 78-க்கும் எல்.பி.க்கும் ஒரே ஊசி ஆகாது, 78-இன் பள்ளம் அகலம். இவ்வளவும் மாமா எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்தான். நோய், மருந்து, பத்தியம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. வைத்தியம்தான் பாக்கி.

ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகும் மருமகன் ஒருநாள் சொன்னான்: "மாமா, ரப்பர் சக்கரம்தானே? எங்ககிட்ட சோல் ரப்பர் கெடக்குது. அச்சா வெட்டியாந்து தரேன்."

"ஒரிஜினல் இல்லாம எப்படிடா?"

"அப்ப ஒரிஜினலே வாங்கிடலாம்."

"பழைய பெட்டிக்கு அவ்ளோ துட்டு போடறதா?"

மருமகன் அப்புறம் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

பெட்டியைச் செய்து விற்ற கிராமபோன் கம்பெனி 2000-இல் சரிகம என்று பேரையே மாற்றிக்கொண்டது. 2017-இல் பட்டனைத் தட்டினால் பழைய பாட்டு பாடும் காரவான் பெட்டியும் போட்டு விற்றது. வேலூர் மாவட்டத்தில் இருந்த நாட்றம்பள்ளி 2019-இல் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஒரு மாவட்டத்தையே மூன்றாகப் பிரிக்க முடிந்திருக்கிறது!

மாமாவும் ஒரே ஒரு தடவை துணிந்தார். பெட்டியை வேட்டியில் சுற்றிக்கொண்டு ஜோலார்பேட்டை ஸ்டேஷனுக்குப் போனார். அந்த ஊருக்குப் போனதுதான் தப்பு. சென்னை, பெங்களூரு, சேலம் என்று மூன்று பக்கமும் தண்டவாளம் பிரிகிற ஜங்ஷன். சென்னை ரிச்சி தெருவில் பார்ட்ஸ் கிடைக்கும். ஆனால் பெங்களூரு எஸ்.பி. ரோடு பக்கம். சேலத்தில் ஒரு பழைய மெக்கானிக் இருப்பதாகக் கேள்வி. நாலு டீ குடித்து, மூன்று பக்கமும் ரயிலை அனுப்பிவைத்துவிட்டு, சாயங்காலம் பஸ் ஏறி வந்துசேர்ந்தார். பெட்டிக்குப் போக ஒரு லக்கேஜ் டிக்கெட், வர ஒரு லக்கேஜ் டிக்கெட்.

"ஊர் சுத்திக் காட்டிட்டு வந்தீங்களா அதுக்கு?" என்றார் அத்தை.

என்னைக் கேட்டால் சோல் ரப்பரே போதும். போன வாரம் அதைச் சொல்லத்தான் போனேன். சரியானதும் முதலில் எந்தப் பாட்டு போடுவீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை விரல்விட்டு எண்ணினார். இரவல் போன தட்டுகள் திரும்பி வரவில்லை, ஓட்டு வீட்டு வெயிலில் நெளிந்தவை பழைய சாமான் கடைக்குப் போயின. மிச்சம் மூன்று தட்டு. அதில் ஒன்று தண்ணீர்க் குடத்துக்கு மூடி.