ஒரு மணி நேர உத்தியோகம்

எங்கள் தெருமுனை டீக்கடையில் பி.ஏ. படித்த பையன் ஒருவன் வேலை பார்க்கிறான். இதை அவனிடம் சொன்னால் கோபம் வரும். "நான் எங்கண்ணே வேலை பார்க்கிறேன்? அப்பா கடையில சும்மா உட்கார்ந்திருக்கேன்" என்பான். பாவம், தனக்கு வேலை கிடைத்துவிட்ட விஷயமே அவனுக்கு இன்னும் தெரியாது. டெல்லிக்குத் தெரியும்.

மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு அவ்வளவு தாராள மனசு கொண்டது. வாரக் கணக்கில், ஏழு நாளில் ஏதோ ஒரு நாள், ஒரே ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் போதும். நீங்கள் வேலையில் இருப்பவர். வருடக் கணக்கில், 30 நாள் எதையாவது துணைத் தொழிலாகச் செய்திருந்தால் போதும். சம்பளமா? அதை யார் கேட்டார்கள்? குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் ஒத்தாசை செய்கிறவருக்கும் 'சுயதொழில்' என்ற தலைப்பின்கீழ் ஓரிடம் போட்டு வைத்திருக்கிறார்கள். வேலையில் இருப்பவர்களில் இந்தக் கூலியில்லா ஆட்கள் 2017-18ல் நூற்றுக்கு 13.6 பேர், 2023-24ல் 19.4 பேர். அதே காலத்தில் வேலையின்மை 6.1 சதவீதத்திலிருந்து 3.2 ஆக இறங்கிவிட்டது. சந்தையில் தராசுத் தட்டுக்கு அடியில் புளி ஒட்டி வைப்பார்களே, அந்த வித்தைதான். என்ன, அந்த வியாபாரி இதற்குப் பத்திரிகையாளர் கூட்டம் வைப்பதில்லை.

அந்த 6.1 வெளியே வந்த கதையும் தனி. 2019 ஜனவரியில் பத்திரிகையில் கசிந்தது. அறிக்கையை அமுக்கி வைக்கிறார்களே என்று தேசியப் புள்ளியியல் ஆணையத்திலிருந்து இரண்டு பேர் ராஜினாமா செய்தார்கள். அது வெறும் வரைவு என்றது அரசு. தேர்தல் முடிந்தது, மே 30 பதவியேற்பு, மறுநாள் அதே 6.1 சாவகாசமாக வெளியே வந்தது. ஓட்டு எண்ணி முடித்த பிறகு எந்த எண் வந்தால் என்ன?

ஒரு மணி நேர விதி ஜெனிவாவில் வகுத்த உலகத் தரம் என்பார்கள். வாஸ்தவம். ஆனால் அந்த ஊரில் வேலை போனவனுக்குப் பழைய சம்பளத்தில் பெரும்பங்கு மாதாமாதம் வரும். அவனால் வேலையில்லாமல் இருக்க முடியும். இங்கே அதற்கும் வசதி வேண்டும். அடுத்த வேளை சோற்றுக்கு வழியில்லாதவன் மூட்டை தூக்குவான், பஜ்ஜி போடுவான். தூக்கிய மறுகணம் வேலையின்மை ஒழிந்தது. பக்கோடா விற்று மாலையில் 200 ரூபாயோடு வீடு திரும்புகிறவன் வேலையில் இருப்பவன்தானே என்று 2018லேயே பிரதமர் கேட்டுவிட்டார். 200 என்பது ராஜ சம்பளம், தெரியுமோ? நாடு முழுமைக்குமான அடிமட்டக் கூலி 2017ல் நாளொன்றுக்கு 176 ரூபாய். 375 ஆவது வேண்டும் என்று அரசே அமைத்த நிபுணர் குழு 2019ல் சொன்னது. அரசு அக்கறையோடு படித்துப் பார்த்து, 178 ஆக்கியது. இரண்டு ரூபாய்! அந்தப் பணத்தை என்ன செய்வதென்று தெரியாமல் எத்தனை குடும்பம் திண்டாடியதோ.

டீக்கடைப் பையனுக்கு ஒரு மணி நேரம் போதும் என்கிற இதே நாட்டில்தான், வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கச் சொன்னார் தொழிலதிபர் நாராயண மூர்த்தி. எல் அண்ட் டி தலைவருக்கு அதுவும் பற்றவில்லை, 90 கேட்டார். நம்மூர் அரசு மட்டும் சளைத்ததா? 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்குச் சட்டசபையில் மசோதா நிறைவேற்றி, கூட்டணிக் கட்சிகளே கொதித்த பிறகு, மே தினத்தன்று திரும்பப் பெற்றதாக அறிவித்து, கைதட்டலும் வாங்கிக்கொண்டது. அடித்தவனே மருந்து தடவினால் கும்பிடத்தானே வேண்டும்.

பையன் சும்மா இல்லை. 2022 குரூப் 4 எழுதினான். 7,301 இடத்துக்கு 22 லட்சம் விண்ணப்பம். இப்போது தமிழக அரசின் வேலையற்றோர் உதவித்தொகைக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறான். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருஷம் வேலை கிடைக்காமல் பொறுமை காத்தால்தான் தகுதி. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. எந்த வேலையும் செய்யவில்லை என்று வருஷா வருஷம் எழுதிக் கொடுக்க வேண்டும். பட்டதாரிக்கு மாதம் 600. நாளுக்கு 20 ரூபாய், அதுவும் மூன்று வருஷத்துக்குத்தான்.

"எந்த வேலையும் செய்யவில்லைன்னு கையெழுத்துப் போடலாமாண்ணே? தப்பில்லையே?" என்று பேனாவைத் திறந்தான்.

"டேய், அங்க என்ன எழுதிக்கிட்டு? நாலு டீ பார்சல் கட்டுடா!" என்றார் அப்பா, பாலை ஆற்றியபடி.

படிவத்தைச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் செருகிவிட்டு எழுந்தான். கவரில் டீயை ஊற்றி, ரப்பர் பேண்டைச் சுற்றிச் சுண்டினான். காலையிலிருந்து கட்டியதெல்லாம் சேர்த்தால் அரை மணி இருக்கும். இன்னும் அரை மணி கட்டினால் இந்த வாரம் அவனுக்கு வேலை கிடைத்துவிடும்.