மொட்டைமாடி பிரேசில்

மதுரையில் நாலு பேர் சேர்ந்து பழகும் எந்தக் கூட்டத்திலும் இவர் ஒருவர் இருப்பார். வயது நாற்பதுக்கு முன்னே பின்னே. கே.கே. நகரிலோ திருநகரிலோ சொந்த வீடு. கீழே அம்மா, மனைவி, பூஜையறை. மேலே தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, அவர். எப்போதோ கோவாவுக்குப் போன இடத்தில், கடற்கரைக் குடிலில் உட்கார்ந்து ‘கைப்பிரீன்யா’ என்ற பிரேசில் பானத்தைக் குடித்துவிட்டார். அன்றிலிருந்து ஊரார் குடிப்பதெல்லாம் குடி. இவர் குடிப்பது மட்டும் பண்பாடு.

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு வரச் சொல்வார். போனவர்கள் கைக்கு டம்ளர் வருவதற்கு முன் காதுக்கு வரலாறு வரும்.

“மொத்தமே நாலு சாமான்தான் மாப்ள. கஷாசா அறுபது மில்லி, எலுமிச்சம்பழம் ஒண்ணு, சீனி நாலு ஸ்பூன், ஐஸு. ரம்மு பெரும்பாலும் ஆலைக் கழிவுப்பாகுல காய்ச்சுறது. கஷாசா பச்சைக் கரும்புச் சாறுல காய்ச்சுறது. ரெண்டும் ஒண்ணுதானேன்னு பிரேசில்ல போய்ச் சொல்லிப் பாரு, அடிக்க வருவான்.”

எது கைப்பிரீன்யா, எது இல்லை என்று பிரேசில் அரசு 2003-ல் ஆணையே போட்டது என்பார். உண்மைதான். அதே 2003-ல்தான் தமிழ்நாட்டு அரசு மதுச் சில்லறை விற்பனையை டாஸ்மாக்கிடம் ஒப்படைத்தது. அந்த அரசுக்கு டம்ளருக்குள் என்ன இருக்கிறது என்று கவலை. இந்த அரசுக்குக் கல்லாவில் யார் உட்காருவது என்று கவலை.

அந்தக் கல்லாவின் முன்னால் நின்று இவர் கஷாசா இருக்கிறதா என்று விசாரிப்பார். கம்பி வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் பதில் ஒன்றே: “குவார்ட்டரா, ஆஃபா?” பின்னால் வரிசை நெருக்கும். பிரேசில் பண்பாடு அங்கேயே ஓர் ஆஃப் வெள்ளை ரம்மாகச் சுருங்கி, மஞ்சப்பைக்குள் போய்விடும்.

அலங்காநல்லூர்ப் பக்கம் விளையும் கரும்பை வாங்கி நாமே இறக்கினால் என்ன என்றும் ஒருதரம் யோசித்தார். மச்சினன் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வக்கீல். “சாறு புழிஞ்சு குடிங்க மாமா, யாரும் கேக்க மாட்டாக. அடுப்புல ஏத்துனீங்க, 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் வந்து கதவத் தட்டும். என் பீஸையும் நீங்கதான் தரணும்” என்றான். யோசனை அத்தோடு நின்றது.

சாராயத்தில் விட்டதைப் பழத்தில் பிடிப்பார். பழக்கூழும் கண்டென்ஸ்டு மில்க்கும் சேர்த்து அடிக்கும் ‘பட்டிடா’வுக்காகக் கொடைக்கானலிலிருந்து பேஷன் ஃப்ரூட் வரவழைப்பார். அன்னாசி, கொய்யா, பப்பாளி, முந்திரி எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் தாண்டி வந்தவை என்று வகுப்பெடுப்பார். போர்த்துக்கீசியர் முந்திரியைக் கொண்டுவரவில்லை என்றால் கோவாவில் முந்திரி ஃபெனி ஏது என்பார். “யானைக்கல் பழக்கடையில உக்காந்திருக்கிறதுல பாதி எங்க ஊர்க்காரங்கப்பா!” எங்க ஊர் என்பது ரியோ. பாஸ்போர்ட்டுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை.

ஏழரைக்குச் செய்முறை தொடங்கும். எலுமிச்சையைப் பைய நசுக்க வேண்டும், தோலின் வெள்ளைப் பகுதி நசுங்கினால் கசக்கும் என்று சொல்லிக்கொண்டே, சுண்ணாம்பு இடிப்பதுபோல் இடிப்பார். அங்கே பயன்படுவது விதையில்லாத பெரிய எலுமிச்சை. இங்கே புளியங்குடிப் பழம். விதைகள் டம்ளருக்குள் நீச்சலடிக்கும். இடிக்கும் குழவி, சமையலறையில் இஞ்சி பூண்டு தட்டிவிட்டு மாடியேறியது. ஆகவே முதல் மடக்கில் ரியோ தெரியாது, ரசம் தெரியும். குலுக்குவதற்கு, போன வருஷத்து ஜிம் ஆசையில் மிச்சமான புரோட்டீன் டப்பா. பழக்கூழ் அடிக்க மிக்ஸி.

“என்னங்க, சட்னி ஜார் மேல வந்துச்சா?” என்று கீழிருந்து குரல் வரும். மொட்டைமாடியில் ஒரு நிமிடம் மௌன அஞ்சலி.

இத்தனைக்கும் பிரேசிலில் இது நாட்டுப்புறத்து ஆள் குடிக்கும் எளிய சரக்கு. நறுக்கி, நசுக்கி, ஊற்றிக் கையில் கொடுக்க மூன்று நிமிடம் போதும். இவருக்கு மூன்று மணி நேரம் ஆகிறது. காரணம் ஐஸ் உருகுவதல்ல. கீழ்வீட்டில் டிவி ரிமோட்கூட இவர் கைக்கு வராது. அலுவலகத்தில் பேச வாய் திறந்தால் மேலாளருக்கு போன் வந்துவிடும். வாரத்தில் இந்த ஒரு மாலைதான் ஐந்து பேர் குறுக்கே பேசாமல் கேட்கிறார்கள். டம்ளர் சீக்கிரம் வந்துவிட்டால் பேச்சு முடிந்துவிடுமே! வந்தவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் பூண்டு வாசத்தைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை.

கூட்டத்தில் குடிக்காதவர் ஒருவர் எப்போதும் உண்டு. அவருக்காக எலுமிச்சை, பேஷன் ஃப்ரூட், சீனி, ஒரு சிட்டிகை உப்பு, சோடா என்று இவர் அசட்டையாகக் கலந்து கொடுப்பது மட்டும் அமிர்தமாக அமைந்துவிடும். இரண்டாவது சுற்றில் எல்லாரும் அதையே கேட்பார்கள். “அது சர்பத்துடா!” என்று இவர் முகம் சிவப்பார். சிவந்த முகத்தோடே ஆறு டம்ளர் கலப்பார்.

பத்து மணிக்கு மேல் கறிதோசைக்குக் கிளம்பும்போது அடுத்த மாத நிகழ்ச்சியை அறிவிப்பார். பெரு நாட்டுப் பிஸ்கோ சவர். அதற்குப் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு வேண்டுமாம். முட்டை தன் வீட்டு வாசற்படி ஏறக் கூடாது என்பது அவர் அம்மாவின் சட்டம். மச்சினனாலும் அதற்கு ஜாமீன் வாங்க முடியாது. மாடிக்கு அதை எப்படிக் கடத்துவது என்று இவர் திட்டம் தீட்டிக்கொண்டிருக்க, செருப்பை மாட்டியபடி ஒருவர் கேட்பார்:

“எப்படியும் முட்டைதான்னு ஆயிப்போச்சு. பேசாம ஆளுக்கொரு கலக்கி சொல்லிட்டுப் பெருவைப் பத்திக் கடையில உக்காந்தே பேசுவமாண்ணே?”