முப்பத்தாறாம் விதிப்படி சொந்தக்காரர்கள்

வழக்கறிஞர் மாநாடு, சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலில். அழைப்பிதழில் கொட்டை எழுத்தில் ‘டைவர்சிட்டி’, அதற்குக் கீழே கொஞ்சம் சின்னதாக ‘நெட்வொர்க்கிங்’, அதற்கும் கீழே ‘மதிய உணவு உண்டு’. மதுரையிலிருந்து இரவு பஸ் பிடித்து வந்த எங்களில் பெரும்பாலோரை இழுத்தது மூன்றாவது வரிதான். யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

வாசலில் பட்டுப்புடவையில் ஜூனியர் பெண்கள் வரிசையாக நின்று சந்தனம், கற்கண்டு, பன்னீர் என்று வரவேற்றார்கள். நிற்கவைக்க ஒரு ஜூனியர் பையன்கூடக் கிடைக்கவில்லை போலும். பன்னீர்ச் செம்பு வைத்திருந்தவள் முந்தின வாரம்தான் ஒரு கொலை வழக்கில் ஜாமீன் வாங்கியிருந்தாள். என் மேல் தெளித்த வேகத்திலேயே அது தெரிந்தது.

மேடையில் ‘சட்டத் தொழிலில் பெண்கள்’ என்று முதல் அமர்வு. ஐந்து கோட்டுகள், ஒரு புடவை. புடவைக்கு ஒதுக்கப்பட்ட வேலை, நேரம் முடிந்ததும் பேச்சாளருக்குத் துண்டுச்சீட்டு நீட்டுவது. முதல் பேச்சாளர் நன்றாகத்தான் பேசினார். 1916இல் கல்கத்தாவில் ரெஜினா குஹாவையும், 1921இல் பாட்னாவில் சுதான்ஷுபாலா ஹஸ்ராவையும் பெண் என்ற காரணத்துக்காக வக்கீலாகப் பதிவு செய்ய மறுத்ததைச் சொன்னார். 1923இல் தனிச்சட்டமே போட்டுத்தான் அந்தக் கதவைத் திறக்க வேண்டியிருந்தது என்றார். 2018இல் நாட்டின் முதல் திருநங்கை வழக்கறிஞராக சத்யஸ்ரீ ஷர்மிளா பதிவு செய்தது நம் பார் கவுன்சிலில்தான் என்றபோது நானும் கைதட்டினேன். “பெண்களின் குரலுக்கு நாம் காதுகொடுக்க வேண்டும்” என்று அவர் முழங்கும்போது துண்டுச்சீட்டு வந்தது. “ஒரு நிமிஷம்மா” என்றார். அதற்குப்பின் மூன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை மேற்கோள் காட்டிவிட்டுத்தான் அமர்ந்தார். மற்றவர்கள் சொன்னதும் ஏறக்குறைய இதேதான். ஆளுக்கொரு திருக்குறள் கூடுதல்.

அடுத்தது நெட்வொர்க்கிங். இதில் ஒரு சட்டச்சிக்கல் இருக்கிறது. இந்திய பார் கவுன்சிலின் 36ஆவது விதிப்படி, நாங்கள் வேலை கேட்டு வாய் திறக்கக்கூடாது. விளம்பரம் கூடாது, தரகர் கூடாது. பெயர்ப்பலகையில் சங்கத் தலைவர் என்றோ, இன்ன வகை வழக்கில் கெட்டிக்காரர் என்றோ போடக்கூடாது. 2008இல் மனமிரங்கி, இணையதளம் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பெயர், முகவரி, பதிவு எண் என்று சாதுவான சங்கதிகள் மட்டும். இப்படிப்பட்டவர்களின் கழுத்தில் அட்டையை மாட்டி ‘பழகுங்கள்’ என்பது, ஏகாதசி விரதக்காரரைப் பந்தியில் உட்காரவைக்கிற மாதிரி.

ஆனால் அதே விதியில் ஒரு சந்து உண்டு. தனிப்பட்ட உறவு இருந்தால் அணுகலாம். நம்மவர்களுக்கு இது போதாதா?

“மேடம் எந்த ஊர்?”

“திருமங்கலம் பக்கம்.”

“அட, என் மச்சான் அங்கதான் பெண் எடுத்தார்! ஊருக்குள்ளேயா, வெளியேயா? எந்தத் தெரு?”

தெருவுக்கு வந்துவிட்டால் அடுத்து குலதெய்வம். நேராகச் சாதியைக் கேட்பது அநாகரிகம் என்பதால் சாமியை விட்டுக் கேட்பார்கள். காலையில் கைதட்டிய அதே டைவர்சிட்டி, பிரியாணித் தட்டோடு நின்று முகவரி விசாரித்துக்கொண்டிருந்தது. நான் “சர்ச் தெரு” என்றேன். கேட்டவருக்கு அவசரமாகப் போன் வந்துவிட்டது.

பக்கத்தில் ஒரு பையன். கோட்டின் மடிப்பே இன்னும் கலையவில்லை. ஒரு சீனியர் அவனிடம், “தம்பி, அப்பா எந்தக் கோர்ட்ல?” என்றார்.

“லாரி ஓட்றார் சார். ஒரு தடவை கோர்ட்டுக்குப் போயிருக்கார், ஃபைன் கட்ட.”

சீனியர் யோசித்தார். “எந்த மாஜிஸ்ட்ரேட்?” என்றார். எப்படியாவது ஒரு தொடர்பைப் பிடித்துவிட வேண்டும் என்ற அவருடைய நல்ல மனதை நான் குறை சொல்ல மாட்டேன்.

உருப்படியான நெட்வொர்க்கிங் நடந்தது பெண்கள் கழிப்பறையில். ஆண்கள் பக்கம் நீண்ட வரிசை. எங்கள் பக்கம் கூட்டமே இல்லை. தொழிலில் நாங்கள் குறைவாக இருப்பதில் கண்ட ஒரே லாபம். உள்ளே யாரும் குலதெய்வம் கேட்கவில்லை. எந்தத் தாலுகா கோர்ட் கழிப்பறையில் தாழ்ப்பாள் இருக்கிறது, எந்த சீனியர் ஜூனியர்களுக்கு மாதாமாதம் பணம் தருகிறார், கைக்குழந்தைக்காரி கேட்டால் எந்தக் கோர்ட்டில் வாய்தா கிடைக்கும் என்று ஐந்தே நிமிடத்தில் தமிழ்நாட்டு நீதித்துறை வரைபடமே கைக்கு வந்துவிட்டது.

கோவை அக்கா ஒருவர், தன் கட்சிக்காரருக்கு மதுரையில் இருக்கும் கேஸை நான் பார்க்க முடியுமா என்று கேட்டார். நான் கேட்கவில்லை, அவராகக் கொடுத்தார். இதைப் பதிவு செய்துகொள்ளவும். எங்களுக்குள் தனிப்பட்ட உறவு ஏதும் உண்டா என்று பார் கவுன்சில் கேட்டால், கண்ணாடி முன்னால் அவர் முந்தானைக்கு நான்தான் பின் குத்திவிட்டேன் என்று பிரமாணப் பத்திரமே தாக்கல் செய்வேன். பன்னீர் தெளித்தவள் சாட்சி.