கையடக்க கேம் பெரியவர்களுக்கு ஆகுமா?

உவகை பிறக்கும் களங்கள் நான்கு என்று தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் வகுக்கிறது: செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. முதல் மூன்றும் பெரியவர்களுக்கு உரியவை என்பதில் யாருக்கும் ஐயமில்லை. நான்காவதைத் தேடிப் போனால் மட்டும் "இந்த வயசுல இது எதுக்கு?" என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். தொல்காப்பியர் அந்த நான்கில் எதற்கும் வயது வரம்பு வைக்கவில்லை. உரைமரபு விளையாட்டுக்குக் காட்டும் எடுத்துக்காட்டும் ஆறு, குளம், சோலை என்று ஊர் எல்லை கடந்து ஆடி வருவதுதான். அது வளர்ந்தவர்களின் பொழுது. கோயில் மண்டபத் தரைகளில் ஆடுபுலி ஆட்டக் கட்டங்களைக் கல்லில் கீறியவர்களும் சிறுவர்களாக இருந்திருக்க முடியாது. ஆகவே, நாற்பது வயதுக்காரர் ஒருவர் கையடக்க வீடியோ கேம் கருவி வாங்கலாமா என்ற கேள்வியை உரிய மதிப்போடு எடுத்துக்கொண்டு, பழைய உரைகாரர்கள் வழியில் தடையும் விடையுமாக ஆராய்வது தகும்.

முதலில் எல்லை. பெரியவர் என்று இங்கே நான் சொல்வது வயதை வைத்து அல்ல. தன் நேரம் தன் கையில் இல்லாதவர் பெரியவர். அவருடைய மாலையைக் குழந்தையின் வீட்டுப்பாடம் எடுத்துக்கொள்ளும், ஞாயிறை உறவினர் கல்யாணம் எடுத்துக்கொள்ளும், இரவை வயதான பெற்றோரின் இருமல் எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது துண்டு துண்டான நேரம். இந்தத் துண்டுகளுக்குப் பொருந்துமா, பொருந்தாதா என்பதே கருவியின் தகுதியைத் தீர்மானிக்கும் அளவுகோல்.

வரலாறு இதற்குத் தெளிவான சான்று தருகிறது. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனத்தில் பொறியாளராக இருந்த குன்பெய் யோகோய், ஷின்கான்சென் ரயிலில் ஓர் அலுவலகப் பணியாளர் பொழுது போகாமல் தன் கால்குலேட்டரின் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தார். வேலைக்குப் போய்வரும் மனிதர் பிறர் கண்ணை உறுத்தாமல் விளையாட ஒரு சிறு கருவி வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. கால்குலேட்டர் சந்தையில் அப்போது கடும் போட்டி; ஷார்ப் நிறுவனத்தின் சிறிய எல்சிடி திரைகள் மலிவாகக் கிடைத்தன. அதிலிருந்து பிறந்ததுதான் கேம் அண்ட் வாட்ச். அதன் முதல் விளையாட்டான 'பால்' 1980 ஏப்ரல் 28 அன்று வெளிவந்தது. பந்துகளை மேலே எறிந்து பிடிக்கும் எளிய விளையாட்டு. விளையாடாத நேரத்தில் அதே திரை மணி காட்டும். இந்த வரிசையில் மொத்தம் 4 கோடிக்கு மேல் விற்றன. நிண்டெண்டோவின் கையடக்க மரபு, வேலைக்குப் போகும் ஒரு பெரியவரின் சலிப்பைப் போக்கத்தான் தொடங்கியது. அது பிள்ளைகளின் கைக்குப் போனது பின்னால்.

யோகோயின் அடுத்த பெரும் படைப்பு 1989ல் வந்த கேம் பாய். பச்சை கலந்த திரை, நான்கே நிறச்சாயல்கள், நான்கு பேட்டரிகள். அமெரிக்காவில் அதனுடன் எந்த விளையாட்டைச் சேர்த்து விற்பது என்ற பேச்சு வந்தபோது, ஹெங்க் ரோஜர்ஸ் என்ற வணிகர் நிண்டெண்டோவின் அமெரிக்கத் தலைவர் மினோரு அராகாவாவிடம் ஒரு வாதம் வைத்தார்: சிறுவர்கள் வாங்கினால் போதும் என்றால் மரியோவைச் சேருங்கள், எல்லாரும் வாங்க வேண்டும் என்றால் டெட்ரிஸைச் சேருங்கள். டெட்ரிஸ் சேர்ந்தது. மாஸ்கோவில் அறிவியல் கழகக் கணினி மையத்தில் அலெக்ஸி பஜித்னோவ் 1984ல் உருவாக்கிய அந்த விளையாட்டில் கதை இல்லை, நாயகன் இல்லை. விழும் கட்டைகளை அடுக்க வேண்டும், அவ்வளவே. 1991ல் மருத்துவமனையில் இருந்த அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் கேம் பாயுடன் படமெடுக்கப்பட்டார். 1993ல் அலெக்சாண்டர் செரெப்ரோவ் என்ற விண்வெளி வீரர் டெட்ரிஸ் போட்ட கேம் பாயை மிர் விண்வெளி நிலையத்துக்கே கொண்டுபோனார். பிந்தைய வண்ணப் பதிப்பையும் சேர்த்து கேம் பாய் சுமார் 11.9 கோடி விற்றது. அதே காலத்தில் வந்த சேகா கேம் கியருக்கு வண்ணத் திரையும் திரைக்குள் வெளிச்சமும் இருந்தன. ஆனால் ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும். அது தோற்றது. முதிர்ந்து மலிவாகிவிட்ட தொழில்நுட்பத்தை எடுத்துப் புதிய பயனுக்குத் திருப்புவதுதான் யோகோயின் கொள்கை. வாங்குபவருக்கும் இதைவிட நல்ல வழிகாட்டி இல்லை என்பேன்.

இனி முதல் தடை, எல்லாத் தடைகளிலும் வலுவானது: கையில் ஏற்கெனவே கைபேசி இருக்கிறது, அதில் ஆயிரம் கேம்கள் இலவசமாக இருக்கின்றன, தனிக் கருவி எதற்கு?

கைபேசி என்பது மேலாளர் வரும் வழி. குடும்ப வாட்ஸாப் குழுவும் வங்கியின் குறுஞ்செய்தியும் பள்ளிக் கட்டண நினைவூட்டலும் அதே கண்ணாடியில்தான் வந்து விழுகின்றன. விளையாடப் போனவர் நான்காம் நிமிடத்தில் அலுவலகத்துக்குத் திரும்பிவிடுகிறார். இதைவிடக் கடுமையான குறை ஒன்று உண்டு. இலவச கேம்களில் பெரும்பாலானவை விளையாட்டு முடிய வேண்டும் என்று செய்யப்பட்டவை அல்ல. முடியாமல் இருக்க வேண்டும், இடையில் விளம்பரம் ஓட வேண்டும், காத்திருக்கப் பொறுமை இல்லாதவர் பணம் கட்ட வேண்டும் என்பதே அவற்றின் அமைப்பு. அதன் கடைசிப் படிக்கட்டில் இருப்பது பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம். அதில் பணத்தை இழந்தவர்களின் தற்கொலைகளைத் தமிழ்நாடு கண்டது. நீதிபதி கே. சந்துரு தலைமையில் 2022ல் குழு அமைந்தது, சட்டமன்றம் தடைச் சட்டம் இயற்றியது, ஆளுநரின் ஒப்புதல் 2023 ஏப்ரலில்தான் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. திருக்குறளில் சூதுக்கு எதிராக ஓர் அதிகாரமே இருக்கிறது. விளையாட்டுக்கு எதிராக ஒன்றுகூட இல்லை. இந்த வேறுபாட்டைக் கைபேசி அழித்துவிட்டது. விலை கொடுத்து வாங்கி, தொடங்கி, முடித்து, எடுத்து வைக்கும் ஒரு கேசட் அதை மீட்டுத் தருகிறது. கேம் கருவிகளிலும் உள்ளே பணம் கேட்கும் விளையாட்டுகள் நுழைந்துவிட்டன என்பது உண்மைதான். அவற்றைத் தொடாமல் ஒதுக்கிவிடுங்கள். அவை இல்லாமலே ஆயுளுக்குப் போதுமானவை இருக்கின்றன.

இரண்டாம் தடை: பெரியவருக்கு நேரம் எங்கே? இதற்கான விடையில்தான் இந்த ஆராய்ச்சியின் மையம் இருக்கிறது.

2004ல் வந்த நிண்டெண்டோ டிஎஸ் மூடி போட்ட கருவி. விளையாட்டின் நடுவில் மூடியைச் சாத்தினால் ஆட்டம் அப்படியே உறங்கும். திறந்தால் விட்ட இடத்திலிருந்து எழும். 2017ன் நிண்டெண்டோ ஸ்விட்சில் ஒரு பொத்தான் இதைச் செய்கிறது. 2022ல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட ஸ்டீம் டெக்கில், மேசைக் கணினிக்காகச் செய்த பெரிய விளையாட்டுகளையும் இப்படி உறங்க வைக்கலாம். விளம்பரங்கள் இந்த வசதியைப் பெரிதாகப் பேசுவதில்லை. திரையின் கூர்மையையும் செயலியின் வேகத்தையும்தான் பேசுகின்றன. ஆனால் குழந்தை அழுதால் எழுந்து போக வேண்டியவருக்கு, இரவுப் பணியில் அடுத்த மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருப்பவருக்கு, டயாலிசிஸ் பிரிவுக்கு வெளியே துணைக்கு வந்து காத்திருப்பவருக்கு, இந்த ஒன்றே போதும். தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் பெரிய கருவிக்கு ஹால் காலியாக இருக்க வேண்டும், ஒரு மணி நேரமாவது இடையூறு இல்லாமல் இருக்க வேண்டும். நம் வீடுகளில் அந்த இரண்டும் ஒருசேரக் கிடைப்பதில்லை. டிவி எப்போதும் வேறொருவருக்குச் சொந்தம். கையடக்கக் கருவி யாரிடமும் இடம் கேட்பதில்லை. பதினைந்து நிமிடம் ஆடி, மூடி வைத்து, மூன்று நாள் கழித்துத் திறந்தாலும் அதே மலையடிவாரத்தில் அதே குதிரை நிற்கும். துண்டு நேரங்கள் இப்படிச் சேர்ந்து ஒரு நீண்ட பயணமாகிவிடுகின்றன. நாவல் வாசிப்பவர்கள் பக்கத்தை மடித்து வைத்து இதைத்தான் காலங்காலமாகச் செய்துவருகிறார்கள்.

மூன்றாம் தடை: இதனால் என்ன பயன்? இங்கே வாங்குபவரையும் நான் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. தொஹோகு பல்கலைக்கழக நரம்பியலாளர் ரியூதா கவாஷிமாவின் பெயரோடு 2005ல் வந்த மூளைப் பயிற்சி விளையாட்டு, அதுவரை கேம் பக்கமே வராத நடுவயதினரையும் முதியவர்களையும் டிஎஸ் வாங்க வைத்தது. அவர்களை அழைத்துவந்தது வரவேற்கத்தக்கது. ஆனால் மூளைப் பயிற்சி ஆய்வுகளைத் தொகுத்து டேனியல் சைமன்ஸும் குழுவினரும் 2016ல் வெளியிட்ட மதிப்பீடு, பயிற்சி செய்த அந்தக் காரியத்தில் மட்டும் தேர்ச்சி கூடுகிறது, அன்றாட அறிவுத்திறன் கூடுவதற்குப் போதிய சான்று இல்லை என்று முடித்தது. ஞாபக சக்திக்காக என்று யாரும் வாங்க வேண்டாம்.

நான் பொருட்படுத்தும் சான்று வேறிடத்தில் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டின் ஜான் ராட்கிளிஃப் மருத்துவமனையின் அவசரப் பிரிவில், சாலை விபத்தில் சிக்கி வந்த 71 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2017ல் வெளிவந்தது. விபத்து நடந்த ஆறு மணி நேரத்துக்குள், ஒரு பிரிவினரை விபத்தைச் சற்று நினைவுபடுத்தச் சொல்லிவிட்டு, கையடக்கக் கருவியில் இருபது நிமிடம் டெட்ரிஸ் ஆட வைத்தார்கள். அடுத்த ஒரு வாரத்தில் விபத்தின் காட்சிகள் வலியப் புகுந்து அலைக்கழிப்பது அவர்களுக்கு மற்றவர்களைவிட 62 சதவீதம் குறைவாக இருந்தது. கண்ணால் கட்டைகளைச் சுழற்றிப் பொருத்தும் வேலை மனக்கண்ணை ஆக்கிரமித்துக்கொள்வதால், அந்தக் கொடிய காட்சி அதே வலிமையோடு பதிய இடம் கிடைப்பதில்லை என்பது ஆய்வாளர்களின் விளக்கம். சிறிய ஆய்வுதான், விளையாட்டு மருந்து என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் மனத்தை முழுதாகப் பிடித்துக்கொள்ளும் ஆற்றல் விளையாட்டுக்கு உண்டு என்பது தெரிகிறது. நாள் முழுக்க அடுத்தவர் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, அரைமணி நேரம் அதிலிருந்து விலகி நிற்பது பெரிய நன்மை. இதற்கு மேல் ஒரு பயனைக் கேட்பது விளையாட்டுக்கு அநீதி.

விலையைப் பேசலாம். நிண்டெண்டோ ஸ்விட்சை இந்தியாவில் அதிகாரபூர்வமாக வெளியிடவில்லை. சென்னையில் ரிச்சி தெருவிலோ இணையக் கடையிலோ வாங்கினாலும் அது இறக்குமதிச் சரக்கு. விற்றவர் தரும் உத்தரவாதத்தைத் தவிர வேறு உத்தரவாதம் கிடையாது. எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அசுஸ் நிறுவனத்தின் ஆர்ஓஜி அல்லை 2023ல் இந்தியாவுக்கு முறையாக வந்தது, விலை 69,990 ரூபாய். நடுத்தரக் குடும்பத்தின் மாதச் செலவை அறிந்தவன் என்ற முறையில், அந்த விலைக்கு என் ஆதரவு இல்லை. பழைய ஸ்விட்சோ, ஸ்விட்ச் லைட்டோ, நிலைமை நன்றாக உள்ள பழைய டிஎஸ் வகையோ போதும். பயன்படுத்தியதை வாங்குகிறவர்கள் குச்சி போன்ற அந்தக் கட்டுப்பாட்டுப் பிடியைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். கை வைக்காமலே பாத்திரம் தானாக நகரும் கோளாறு ஸ்விட்சில் பரவலாக இருந்து, நிறுவனத் தலைவரே 2020ல் மன்னிப்புக் கேட்டார். ஸ்விட்ச் லைட்டில் அந்தப் பிடியைத் தனியே கழற்றி மாற்ற முடியாது.

இயன்றவரை கேசட்டாகவே வாங்குங்கள். நிண்டெண்டோ தன் 3டிஎஸ் கருவியின் இணையக் கடையை 2023 மார்ச் 27 அன்று மூடியது. அதன் பிறகு அங்கே எதையும் புதிதாக வாங்க முடியாது. கேசட் வைத்திருப்பவர் இன்றும் ஆடுகிறார், தம்பிக்கு இரவல் தருகிறார், சலித்தால் விற்கிறார். 2025ல் வந்த ஸ்விட்ச் 2இன் சில கேசட்டுகளில் விளையாட்டு இருப்பதில்லை, அதைப் பதிவிறக்கும் சாவி மட்டுமே இருக்கிறது. அட்டைப் பெட்டியைப் படித்துவிட்டு வாங்க வேண்டும்.

உடம்பு பற்றி ஒரு சொல். ஸ்விட்ச் லைட் 275 கிராம். பிடிகளோடு சேர்த்து முதல் ஸ்விட்ச் 398 கிராம். முதல் ஸ்டீம் டெக் 669 கிராம். படுத்துக்கொண்டு ஆடும் வழக்கம் உள்ளவர்களுக்கு இந்த வேறுபாடு பத்து நிமிடத்தில் மணிக்கட்டில் தெரியும். கட்டைவிரல் அடியில் வலி வந்தால் சில நாள் நிறுத்திவிட வேண்டும். தசைநாண் உறை வீங்கினால் பாத்திரம் தேய்ப்பதற்கும் கை வராது.

முடிபு: பொழுதைத் துண்டுகளாகப் பெறுகிறவர், கைபேசி தரும் பொழுதால் சோர்ந்திருப்பவர், ஒன்றைத் தொடங்கி முடிப்பதில் இன்பம் காண்கிறவர், கையடக்க கேம் கருவி வாங்கலாம், அது வீண்செலவு அல்ல. கடன் அட்டையில் தவணை கட்டி வாங்க வேண்டியவர் காத்திருக்கட்டும். தூக்கத்தைத் திருடி ஆடக்கூடியவர் என்று தன்னைத் தானே அறிந்தவர் வாங்க வேண்டாம். வாங்குவது 400 கிராமுக்குள், கேசட் போடும் வகையாக, சந்தைக்கு வந்து சில ஆண்டுகள் ஆன கருவியாக இருக்கட்டும். அதனோடு ஒரே ஒரு விளையாட்டு வாங்குங்கள். அதை முடித்த பிறகு இரண்டாவதற்குக் கடைக்குப் போகலாம்.