லோயர் பெர்த் துறவு: ஓர் ஆராய்ச்சி

ரயிலில் தனக்கென்று ஒதுக்கிய கீழ்ப்படுக்கையை, யாரோ கேட்டுவிட்டார் என்பதற்காகத் தூக்கிக் கொடுத்துவிட்டு, விடியும்வரை சைடு அப்பரில் முழங்காலை மடக்கிக் கிடக்கும் இனத்தார் நம் ஆய்வுலகில் உரிய கவனம் பெறவில்லை. அக்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை.

முதலில் எல்லையை வரையறுத்துவிடுவோம். கர்ப்பிணி, முழங்கால் தேய்ந்த பாட்டி, காலில் மாவுக்கட்டு போட்டவர் ஆகியோருக்கு எழுந்து கொடுப்பது மனிதத்தனம். அதில் ஆராய ஒன்றுமில்லை. நம் ஆய்வுப்பொருள், "நாங்க நாலு பேரும் ஒண்ணா இருந்தா சீட்டு போட வசதி" என்று கேட்கும் திடகாத்திரமான ஆசாமிக்கும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுபவர்.

ஆய்வுக்களம் ஸ்லீப்பர் பெட்டி. படுக்கை எண்ணை எட்டால் வகுத்து, மீதி ஒன்றோ நான்கோ வந்தால் லோயர். இரண்டு, ஐந்து என்றால் மிடில். மூன்று, ஆறு அப்பர். ஏழு சைடு லோயர். மீதியே இல்லாவிட்டால் சைடு அப்பர். நம் நல்லவரின் டிக்கெட்டில் 12 என்று இருக்கும். அவர் படுத்திருப்பது 16-இல். இந்த நான்கு எண் தூரத்தை அவர் எப்படிக் கடந்தார் என்பதே ஆராய்ச்சி வினா.

ஒரேயடியாகக் கடப்பதில்லை. பாண்டியன் எக்ஸ்பிரஸ் தாம்பரத்தை விட்டதும், "தம்பி, கொஞ்சம் நகர்ந்துக்கிறீங்களா?" நகர்கிறார். சற்று நேரத்தில், "பாப்பா ஜன்னல் ஓரம் உக்காரட்டுமே." உட்காருகிறது. செங்கல்பட்டு வருவதற்குள் மூன்றாவது வாக்கியம் வந்துவிடும்: "தம்பி தனியாத்தானே வர்றீங்க?" கேள்விபோலத் தோன்றினாலும் இது தீர்ப்பு. ரயிலில் தனியாளுக்குச் சொத்துரிமை கிடையாது.

இந்தப் படிக்கட்டு உத்தியை ஃப்ரீட்மன், ஃப்ரேசர் என்ற இரு உளவியலாளர்கள் கலிபோர்னியாவில் சோதித்து 1966-இல் கட்டுரை வெளியிட்டார்கள். 'கவனமாக ஓட்டுங்கள்' என்ற பெரிய, அவலட்சணமான பலகையை வீட்டு முற்றத்தில் நட்டுக்கொள்ளச் சம்மதமா என்று நேரடியாகக் கேட்டபோது 17 சதவீதத்துக்கும் குறைவானவர்களே தலையாட்டினார்கள். பாதுகாப்பாக ஓட்டச் சொல்லும் சிறு அட்டை ஒன்றை முன்பே வாங்கி வைத்துக்கொண்டவர்களிடம் கேட்டபோது 76 சதவீதம்! அங்கே அட்டை, இங்கே பாப்பா.

இதைவிட நெருக்கமான சான்று நியூயார்க்கில் இருக்கிறது. 1970-களில் ஸ்டான்லி மில்கிராம் தம் மாணவர்களைச் சுரங்க ரயிலுக்கு அனுப்பி, உட்கார்ந்திருப்பவர்களிடம் காரணமே சொல்லாமல் இடம் கேட்கச் சொன்னார். சுமார் 68 சதவீதம் பேர் எழுந்தோ நகர்ந்தோ கொடுத்தார்கள். 'நின்றுகொண்டு புத்தகம் படிக்க முடியவில்லை' என்று அற்பக் காரணம் ஒன்றைச் சேர்த்தபோது அது 42-க்கு இறங்கியது. காரணம் காதில் விழுந்தால் யோசிக்க நேரம் கிடைத்துவிடுகிறது போலும். மில்கிராமும் கேட்டுப் பார்த்தார். வார்த்தை தொண்டையிலேயே சிக்கிக்கொண்டது. இடம் கிடைத்த பிறகு நோயாளி மாதிரி நடந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. பாண்டியனில் கேட்பவர்களுக்கு அப்படித் தொண்டை அடைத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

படுக்கை துறந்தவரை எட்டாவது வள்ளலாக அறிவிக்கலாமே என்று சில அறிஞர்கள் வாதிடக்கூடும். ஏற்பதற்கில்லை. பாரியிடம் முல்லை தேர் கேட்கவில்லை. பேகனிடம் மயில் போர்வை கேட்கவில்லை. அவர்கள் கொடுத்தது மனம் நிறைந்து. இவர் கொடுப்பது எதிரே இருப்பவர் முகம் சுருங்குவதைப் பார்க்கும் தெம்பு இல்லாமல். அந்த முகம் சுருங்கியிருக்கப் போவது அரை நிமிடம். அதைத் தவிர்க்க இவர் கட்டும் விலை, ரயில்வே தூங்குவதற்கென்றே வகுத்திருக்கும் இரவு 10 முதல் காலை 6 வரை.

அந்த எட்டு மணி நேரமும் அவர் சும்மா கிடக்கிறார் என்று எண்ண வேண்டாம். சொல்லியிருக்க வேண்டிய பதிலை விழுப்புரம் வரை திருத்தி எழுதுகிறார். 12-இலிருந்து எழும் குறட்டையைத் தனக்கு இழைக்கப்பட்ட அவமானமாகவே கேட்கிறார். டிடிஆர் வந்து தட்டும்போது படுக்கை மாறிய கதையை இவர்தான் விளக்க வேண்டும்; வாங்கியவர் நல்ல தூக்கத்தில். காலையில் அவரே கேட்பார்: "நல்லாத் தூங்கினீங்களா தம்பி?" "சூப்பராத் தூங்கினேன் சார்." படுக்கையைக் கொடுத்ததைக்கூட மன்னித்துவிடலாம். வைத்தியம் தேவைப்படுவது இந்தப் பதிலுக்குத்தான்.

வைத்தியம் உண்டு. மேனுவல் ஸ்மித் என்ற அமெரிக்க உளவியலாளர், மறுக்கும்போது குற்ற உணர்வு வருகிறதே என்பவர்களுக்காக 1975-இல் ஒரு புத்தகமே எழுதினார். அதில் ஓர் உத்தி: ஒரே வாக்கியத்தை, குரல் உயராமல், கீறல் விழுந்த ரெக்கார்டு போலத் திரும்பத் திரும்பச் சொல்வது. நம்மவர் சறுக்குவது வாக்கியத்தோடு காரணத்தையும் சேர்ப்பதால். "முதுகு வலிங்க" என்றால் எதிர்த்தரப்பின் பையிலிருந்து தைலம் வெளிவரும். "அப்பர்ல ஏற முடியாது" என்றால் மிடிலைக் காட்டுவார்கள். "இல்லீங்க, நான் இங்கயே படுத்துக்கிறேன்" என்பதற்குத் தைலம் கிடையாது. காரணம் சொல்லும் பொறுப்பைக் கேட்பவரிடமே விட்டுவிடலாம். "எதுக்குங்க?" என்ற ஒரு கேள்வி போதும், அவர் சொல்லி முடிப்பதற்குள் தலை தானாக ஆடுவது நின்றிருக்கும்.

மறுக்கப்பட்டவர் ஆயுளுக்கும் மனம் நொந்துபோவாரே என்ற அச்சத்தையும் சோதித்துப் பார்க்கலாம். மறுத்துவிட்டுக் காதைத் தீட்டி வைத்துக்கொண்டால் போதும். அவர் எழுந்து அடுத்த அடைப்புக்குப் போவார். "தம்பி தனியாத்தானே வர்றீங்க?" என்று கேட்கும். உடனே இன்னொரு குரல்: "ஆமா சார். இருங்க, பையை எடுத்துக்கிறேன்."