கொண்டைக்கு ஆகாத ஈரம்

கே: டல்லாஸில் இருக்கிறோம். திடீர்ப் பனி பெய்தால் கொல்லைக் கோழிகள் தாங்குமா?

ப: நோயில்லாத, நன்றாக இறகு மூடிய கோழி தாங்கும். 2021 பிப்ரவரி 16 அன்று உங்கள் ஊரில் குளிர் மைனஸ் 19 டிகிரிக்கு இறங்கியது நினைவிருக்கும். டெக்சாஸில் லட்சக்கணக்கான வீடுகளில் கரன்ட் இல்லை. கோழியோ தன் அடுப்பைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது: உடல் சூடு சுமார் 41 டிகிரி, மேலே சிலிர்த்த இறகு.

கே: காற்று புகாதபடி கூண்டை இண்டு இடுக்கில்லாமல் அடைத்துவிட்டேன். சரிதானே?

ப: உடனே மேல்பக்கம் திறந்துவிடுங்கள்! கோழியின் மூச்சிலும் எச்சத்திலும் இருந்து இரவெல்லாம் ஈரம் கிளம்புகிறது. அது வெளியேறாவிட்டால் கொண்டையில் படிந்து உறையும். நுனி முதலில் வெளிறும், பிறகு கறுக்கும். விடிந்ததும் கூண்டு ஜன்னலின் உட்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். விரல் நனைந்தால் காற்று வழி போதவில்லை. அந்த வழி, கோழி உட்காரும் கட்டைக்கு மேலே, கூரையோரமாக இருக்கட்டும். கோழி மேல் நேராகக் காற்று அடிக்கக் கூடாது.

கே: கொண்டை நுனி கறுத்துவிட்டது. தேய்த்துவிடலாமா?

ப: தேய்க்கவே வேண்டாம், உறைந்த சதை கிழியும். வெட்டவும் வேண்டாம், செத்த நுனிதான் அடியில் உள்ள உயிர்ச்சதைக்கு மூடி. காய்ந்து தானே உதிரும். வீங்கினாலோ சீழ் வைத்தாலோ கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

கே: ஹீட் லாம்ப் மாட்டட்டுமா?

ப: வைக்கோல், இறகு, தூசி, நடுவில் கொதிக்கும் பல்பு. எனக்கு நினைத்தாலே பதறுகிறது. வேண்டாம்.

கே: இறகில்லாத கால் விறைக்காதா?

ப: கீழே இறங்கும் சூடான ரத்தம், மேலேறும் குளிர்ந்த ரத்தத்துக்கு வழியிலேயே வெப்பத்தைக் கொடுத்துவிடுகிறது. அதனால் காலுக்குக் குறைந்த சூடு போதும். நீங்கள் செய்ய வேண்டியது, உருண்டைக் கம்பை எடுத்துவிட்டு நாலு விரல் அகலத்தில் தட்டைப் பலகை வைப்பது. கோழி அதில் உட்காரும்போது நெஞ்சு இறகு விரல்களை மூடிக்கொள்ளும்.

கே: தீனி?

ப: வழக்கமான தீனியோடு, அடையும் நேரத்தில் ஒரு கைப்பிடி மக்காச்சோளம். செரிக்கும்போது உடம்பு சூடாகும். அதைவிடத் தண்ணீர் முக்கியம். பாத்திரம் உறைந்திருந்தால் கோழி தீனியையும் குறைத்துவிடும். காலையும் மாலையும் மாற்றுங்கள்.

கே: பனியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிடுகிறதே!

ப: வைக்கோலைப் பாதைபோல் தூவுங்கள். கிளறிக்கொண்டே வரும்.