வைக்கோல் கணக்கு

தீபாவளி வெடித்தாள் இன்னும் சாக்கடையோரம் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே காரைக்குடிக் கடைவாசல்களில் காகித நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கிவிடுகின்றன. நவம்பர் முடிவதற்குள் ஜவுளிக்கடை வாசலில் கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் போட்ட பையன் ஒருவன், செட்டிநாட்டு வெயிலில் பஞ்சுத்தாடிக்குள் வியர்த்தபடி, வருகிறவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுக்கிறான். கிறிஸ்து பிறப்புக்கு முன்னால் நான்கு ஞாயிறு மனத்தைத் துப்புரவு செய்துகொண்டு காத்திருங்கள் என்று திருச்சபை வைத்த திருவருகைக்காலம் எப்போது வந்தது, எப்போது போனது என்பது பீடத்தில் விரித்த ஊதாத் துணிக்குத்தான் தெரியும். உங்கள் ஊரிலும் இப்படித்தானே?

அறுபதுகளின் கடைசியில், பூசை லத்தீனை விட்டுத் தமிழுக்கு வந்து கொஞ்ச காலமே ஆகியிருந்த நாள்களில், எங்களுக்கு அந்த நான்கு வாரமும் 'கூடாது'களின் காலம். பீடத்தில் பூ அதிகம் கூடாது, ஆர்மோனியத்தை ஓங்கி வாசிக்கக் கூடாது, சவேரியார் திருநாளும் அமலோற்பவ மாதா திருநாளும் நீங்கலாக 'உன்னதங்களிலே' பாடவே கூடாது. கிறிஸ்து பிறப்புப் பாட்டை டிசம்பர் 24 நள்ளிரவுக்கு முன்னால் யாராவது முணுமுணுத்தால்கூட உபதேசியார் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து வாய்க்குள்ளேயே அடக்கி வைத்திருந்ததால்தானோ என்னவோ, நள்ளிரவுப் பூசையில் மணிகள் குலுங்க அந்தப் பாட்டு வெடித்துக் கிளம்பும்போது, தூக்கக் கலக்கத்தில் சாய்ந்து கிடந்த நாங்கள் உடம்பெல்லாம் சிலிர்த்து எழுந்து நிற்போம். இப்போது அதே பாட்டை முதல் வாரத்திலிருந்தே கேட்டுக் கேட்டு, 24-ஆம் தேதி இரவுக்குள் எனக்குக் கொஞ்சம் சலித்தே போய்விடுகிறது.

ஞான உபதேச வகுப்பில் கன்னியர் ஒரு சின்ன மரத்தொட்டிலை வெறுமையாய் வைப்பார்கள். ஒரு நற்செயலோ ஓர் ஒறுத்தலோ செய்தவன் அதில் ஒரு வைக்கோல் போடலாம்; பிறப்பு விழாவுக்குள் குழந்தை சேசுவுக்கு மெத்தென்ற படுக்கை ஆகிவிட வேண்டும். ஏற்பாட்டில் ஒரே ஒரு இடறல்: எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் வைக்கோல் ஒறுத்தலைவிடத் தாராளமாகக் கிடைத்தது. வீட்டுக்கு வீடு கொல்லையில் மாடு. மாட்டுக்குப் பக்கத்தில் படப்பு. முதல் வாரத்திலேயே தொட்டில் நிரம்பித் தரையில் வழிந்ததைப் பார்த்த கன்னியர், இனி என்ன செய்தோம் என்று சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். அப்போதுதான் என் புண்ணியக் கணக்கு வெளியே வந்தது. பாகற்காயை விட்டுவிட்டேன், ஒரு வைக்கோல். காப்பியை விட்டுவிட்டேன், ஒன்று. வீட்டில் காப்பித்தூள் வாங்குவதே விருந்தாளிகளுக்குத்தான் என்பதை நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. தம்பியோடு சண்டை போடவில்லை, இன்னொன்று. அவன் அந்த வாரம் தேவகோட்டைக்கு அத்தை வீட்டுக்குப் போயிருந்தான். என்னைவிடக் கெட்டிக்காரன் ஒருவன் குளிப்பதையே விட்டான். மார்கழிக் குளிர்.

வீட்டில் ஒறுத்தலுக்கு அதிகாரி அப்பத்தா. புதனும் வெள்ளியும் அடுப்பில் கறி ஏறாது, டிசம்பர் 16-இல் நவநாள் தொடங்கிவிட்டால் எந்த நாளும் ஏறாது. கறிக்குழம்புக்கு உலகமெல்லாம் பெயர் வாங்கிய சீமையில் பிறந்துவிட்டு இதென்ன கொடுமை என்று நாங்கள் முனகினால், "அருளானந்தர் கறியா தின்னாரு?" என்பாள். அதற்கு எங்களிடம் பதில் கிடையாது. போர்ச்சுகலில் பிரபு வீட்டில் பிறந்து, இங்கே காவி கட்டிச் சைவச் சோறு தின்ற சந்நியாசியாக வாழ்ந்து, 1693 பிப்ரவரி 4-இல் ஓரியூரில் தலை வெட்டுண்டு செத்தவர் அவர். ஓரியூர்ச் செம்மண் ஒரு பிடி எங்கள் வீட்டு மாடத்தில் இருந்தது. அவ்வளவு பக்கத்தில் ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு ஆட்டுக்கறி கேட்க முடியுமா?

உண்மையான மனமாற்றத்தை எங்களுக்குள் உண்டாக்கியது அரையாண்டுத் தேர்வுதான் என்று சொன்னால் அப்பத்தா மன்னிப்பாளாக. ஞாயிறு வாசகத்தில் திருமுழுக்கு யோவான் வனாந்தரத்தில் நின்று, பாதையைச் செம்மைப்படுத்துங்கள் என்று கத்திக்கொண்டிருக்கும்போது, திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை. அந்த மாதிரி மண்டியிட்டு நான் பிறகு எந்தக் காலத்திலும் வேண்டியதில்லை. பெரியவர்களுடைய மன்றாட்டு வேறு. வானம் நீதிமானைப் பொழியட்டும் என்று ஏசாயா வேண்டுகிற வாசகம் வரும்போது, ஊரணியை நம்பிப் பிழைக்கும் இந்த வறண்ட சீமைக்காரர்கள் அதை முழுக்க ஞான அர்த்தத்தில் மட்டும் எடுத்துக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஐப்பசி அடைமழை ஏமாற்றிய வருஷங்களில் அந்த வாசகத்துக்குப் பதிலுரை கோவிலே அதிரும்படி வரும்.

எங்களுக்கு அடுத்த வீடு, முகப்பிலிருந்து கொல்லை வரை ஒரு தெருவை விழுங்கிக் கிடக்கும் செட்டியார் வீடு. நாங்கள் நான்கு ஞாயிறு எண்ணிக்கொண்டிருந்த அதே நாள்களில் அந்த வீட்டு ஆச்சியும் நாள் எண்ணிக்கொண்டிருப்பார். திருக்கார்த்திகையிலிருந்து நாளுக்கு ஓர் இழையாகப் புதுவேட்டியிலிருந்து நூல் எடுத்து வைத்து, மார்கழியில் சஷ்டியும் சதயமும் கூடுகிற நாளில் அந்த 21 இழையையும் திரியாகத் திரித்து, இழைமாவில் வைத்து நெய்யூற்றி ஏற்றி, எரிகிற சுடரோடு வாயில் போட்டுக்கொள்ளும் பிள்ளையார் நோன்பு. நகரத்தார் எங்கே இருந்தாலும், பினாங்கோ சிங்கப்பூரோ, அன்று கூடி இழை எடுத்துக்கொள்வார்கள். வளவு ஓரத்தில் நின்று நான் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். நெருப்பையே விழுங்குகிறவர்களுக்கு முன்னால் என் பாகற்காய் ஒறுத்தல் எம்மாத்திரம் என்று கூசிப்போய், ஆச்சி மடியில் கட்டித் தந்த பொரியைத் தின்றுகொண்டே வீடு திரும்புவேன். அது நவநாளுக்குள் வந்தால் பொரி தின்றது ஒறுத்தலை முறிக்குமா என்று அப்பத்தாவிடம் ஒரு விசாரணை நடக்கும். "பிள்ளையாரு குடுத்ததை வேண்டாங்கக் கூடாது" என்று தீர்ப்பாகும். எந்தச் சங்கத்தின் ஏட்டிலும் இல்லாத தீர்ப்பு. எனக்கு இன்றுவரை அதில் ஆட்சேபம் இல்லை.

குடிலுக்குப் புல் வளர்க்கும் வித்தையையும் எங்களுக்குச் சொல்லித் தந்தவர் அந்த வீட்டில் வேலை பார்த்த ஓர் அம்மாள், முத்துமாரியம்மன் கோவிலுக்கு ஆண்டுதோறும் முளைப்பாரி எடுப்பவர். தட்டில் மண்ணும் காய்ந்த சாணப்பொடியும் கலந்து பரப்பி, ஊறவைத்த கேழ்வரகைத் தூவி, வைக்கோலால் மூடி இருட்டறையில் வைக்க வேண்டும். தண்ணீர் தெளிக்கலாம், எட்டிப் பார்க்கக் கூடாது. "பார்த்துக்கிட்டே இருந்தா வளராது தம்பி" என்பார். எட்டிப் பார்க்காமல் இருப்பதுதான் முடியாத காரியம். வகுப்பு, ஜெபமாலை, தேர்வு எல்லாவற்றுக்கும் நடுவில் ஓடிவந்து மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, நாலு விரற்கடை வளர வேண்டியது இரண்டு விரற்கடையில் நோஞ்சானாய் நின்றுவிடும். பெத்லகேம் புல்வெளி எப்போதும் பஞ்சத்தில் அடிபட்டதாகவே எங்கள் குடிலில் காட்சி தரும். இப்போது மீட்டர் கணக்கில் பச்சை பிளாஸ்டிக் புல் கிடைக்கிறது. அடித்துத் துவைத்து அடுத்த வருஷத்துக்குச் சுருட்டி வைத்துவிடலாம். ஆடுகள் நிற்கவும் தோதாக இருக்கிறது.

பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை கோவில் தாண்டி வேப்பமரம் வரை நீளும். காது மந்தமான ஒரு வயதான சாமியார் வருவார். நாம் கிசுகிசுத்ததைக் கேட்காமல், "எத்தனை தடவை?" என்று அவர் போடும் சத்தம் வரிசையின் கடைசி ஆள்வரை போகும். அடுத்து நிற்பவன் அவசரமாகத் தன் கணக்கைக் குறைத்துக்கொள்வான். இப்போது பக்கத்துப் பங்குகளிலிருந்து பல குருக்கள் ஒரே மாலையில் வந்து மூலைக்கொருவராக நாற்காலி போட்டு உட்கார, முக்கால் மணி நேரத்தில் ஊரே சுத்தமாகிவிடுகிறது. ஆன்மச் சோதனைக்குக் கைப்பேசியில் செயலிகூட வந்துவிட்டது. வசதிதான். வேப்பமரத்தடியில் காத்து நின்று, செய்ததையும் செய்யாததையும் மனத்துக்குள் புரட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்துக்கு மட்டும் செயலி இன்னும் வரவில்லை.

எங்கள் சின்ன வயதில் இல்லாத ஒன்று இன்று எல்லாப் பங்கிலும் இருக்கிறது: நான்கு மெழுகுவர்த்தி நட்ட பச்சை வளையம். 1839-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஏழைச் சிறுவர்களை வைத்து வளர்த்த லூத்தரன் போதகர் யோகான் விஷெர்ன், 'இன்னும் எத்தனை நாள், இன்னும் எத்தனை நாள்' என்று பையன்கள் அரித்தெடுத்ததால், ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் ஞாயிறுக்கு ஒரு பெரிய மெழுகுவர்த்தியும் மற்ற நாளுக்குச் சின்னதும் ஏற்றிக் காட்டியதில் தொடங்கிய வழக்கம். பையன்கள் எங்கும் பையன்கள்தாம். மூன்றாம் ஞாயிறுக்கு உரிய இளஞ்சிவப்பு மெழுகுவர்த்தி ஒரு வருஷம் காரைக்குடியில் கிடைக்காமல், வெள்ளை மெழுகுவர்த்திக்கு யாரோ நகப்பூச்சு அடித்து ஏற்றினார்கள். அதைச் சுற்றியுள்ள ஊசியிலை பிளாஸ்டிக். நிஜமான வண்டிச் சக்கரம் வேண்டுமென்றால் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும். ஆனால் அவற்றை விடுதிக்காரர்கள் சுவரில் மாட்ட வாங்கிப் போய்விடுகிறார்கள்.

சிவகங்கை மறைமாவட்டம் 1987-இல் பிறப்பதற்கு முன்னால் ஆயர் மடல் மதுரையிலிருந்து தபாலில் வந்து, பிரசங்கத்தில் வாசிக்கப்பட்டு, பாதி பேர் தூங்கிவிடுவோம். இப்போது வாட்ஸப்பில் வந்து மொத்தப் பேரும் கைகூப்பும் படம் ஒன்றைத் தட்டிவிட்டு மேலே போய்விடுகிறோம். மகள் வெளிநாட்டிலிருந்து பேரனுக்கு, நாளுக்கொரு கதவைத் திறந்தால் ஒரு சாக்லேட் வரும் அட்டை அனுப்பியிருந்தாள். முதல் நாளே எல்லாக் கதவும் திறந்து கிடந்தன. அவனைத் திட்ட என் பழைய புல்தட்டு இடம் தரவில்லை.

எனக்கு இந்த வருஷம் ஒறுக்க ஒன்றும் மிச்சமில்லை. இனிப்பை மருத்துவர் எடுத்துக்கொண்டார், உப்பைப் பாதியாக்கினார், கறியை மனைவி முடித்துவைத்தாள். இவற்றுக்கெல்லாம் வைக்கோல் கேட்டால் கன்னியர் சிரிப்பார்கள். மனம் ஒட்டிக்கிடப்பது கைப்பேசி ஒன்றில்தான், அதை நான்கு வாரம் அணைத்துப் பெட்டியில் வைக்கலாம் என்று தீர்மானித்து வீட்டில் அறிவிக்கவும் செய்தேன். மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "பாவசங்கீர்த்தனம் என்னைக்கி, அன்பியக் கூட்டம் யாரு வீட்டுலன்னு இனி யாருகிட்டக் கேப்பீங்க? எல்லாம் அதுலதானே வருது?"